கடல்மீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையூர்களிற் கடல் வீட்டு வாயிலுக்கு அண்மையில் உள்ளது. உள்ளூரார் பெரும்பொருள் செலவிட்டு உப்புக் கரைத்துச் செய்யும் கடல்நீர், இவ்வூரார்க்கு வாளியோடு சென்றாற் கிடைக்கும். ஆதலால், வண்ண மீன்களையும், இறால், நத்தை, அனிமோன் முதலிய கடலுயிர்களையும் கண்ணாடித் தொட்டியில் ஒருங்கு வளர்க்க விரும்புவோர்க்கு இக்கரை மிகவும் வாய்ப்பானது. விற்பனைக்கென உயிர்மீனைச் சில நாட்கள் தொட்டியில் வைத்திருப்போர்க்கும் இவ்வாய்ப்பு உண்டு.

இத்தகைய தொட்டிகளுக்கு வரும் நோய்களுள் மிகுந்த நட்டத்தை உண்டாக்குவது வெண்புள்ளி நோய். வளர்ப்போர் இதனை 'இக்' என்றும் கூறுவர். இந்நோயினால் ஒரு தொட்டி மீன் முழுவதும் இரண்டொரு கிழமைகளில் அழிந்துபோதல் கூடும். மருந்தை முறையறியாது ஊற்றினால், மீன் பிழைத்தாலும் உடனுறையும் பவளமும் இறாலும் மடியும். ஆயினும் நோய்க்காரணியின் வாழ்க்கை முறையை அறிந்தவர்க்கு இதனை முற்றாக ஒழித்தல் இயலும். அவ்வாழ்க்கை முறையும், அதற்கேற்ற பரிகாரமும் இங்கே விளக்கப்படுகின்றன.

நோய்க்காரணி

இந்நோயை உண்டாக்குவது கிரிப்ரோகாரியன் இரிற்றன்சு என்னும் ஒருகல உயிர். உடலைச் சுற்றியுள்ள நுண்ணிய பிசிர்களால் இது நீந்தும். யப்பானில் சிகாமா என்பவர் 1937 ஆம் ஆண்டிலேயே கடல்மீன்களில் இந்நோயைப் பற்றி எழுதினார். இப்பெயரை 1951 ஆம் ஆண்டில் இட்டவர் பிரவுன் என்னும் ஆய்வாளர். வெப்பக் கடல்களில் இது பரவலாக உண்டு. எலும்புள்ள கடல்மீன்களுட் பெரும்பாலானவற்றை இது பற்றும். அழகு மீன்களை மட்டுமன்றி, கூடுகளில் உணவுக்கென வளர்க்கப்படும் கொடுவா, கலவாய் முதலியவற்றையும் இது கொல்லும்.

நன்னீர் மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் உண்டு. தோற்றத்தில் இரண்டும் ஒத்திருப்பினும், அதன் காரணி வேறோர் உயிர். நன்னீர் நோய்க்கு உப்பிடுதலும் நீரைச் சூடாக்குதலும் பயன் தரும். கடல்நீர் நோய்க்கு இவ்விரண்டாலும் பயனில்லை. இவ்வுயிர் உப்பு நீரிலேயே வாழ்வது. 30 பாகை வெப்பத்திலும் நன்கு பெருகுவது.

வாழ்க்கைச் சுற்று

இவ்வுயிரின் வாழ்க்கை மூன்று நிலைகளாக நடைபெறுகின்றது.

முதலாவது, உண்ணும் நிலை. மீனின் தோலிலும் செவுளிலும் மேற்றோலின் அடியிற் புகுந்து, மீனின் இழையங்களை உண்டு வளரும். இந்நிலையிலேதான் அது வெண்புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிகின்றது. மீனின் மேல் 3 முதல் 7 நாட்கள் வரை இருந்து, வளர்ச்சி நிறைந்ததும், பெரும்பாலும் இருள் வேளையில், மீனை விட்டு நீங்கும்.

இரண்டாவது, உறை நிலை. மீனை விட்டு நீங்கியது, சில மணி நேரம் அடியில் ஊர்ந்து, மணல், கல், கண்ணாடி, நத்தையோடு ஆகிய எதிலேனும் ஒட்டிக் கொண்டு, தன்னைச் சுற்றிக் கடினமான உறையை அமைத்துக் கொள்ளும். உறையினுள்ளே ஓர் உயிர் பலவாகப் பிரிந்து, ஏறக்குறைய 200 வரையான குஞ்சுகள் உண்டாகும். உறை வெடித்தற்குக் குறைந்தது 3 நாட்கள் செல்லும். பல உறைகள் ஒரு கிழமை அளவில் வெடிக்கும். எனினும் எல்லாம் ஒருங்கே வெடிப்பதில்லை. 72 ஆம் நாளில் வெடித்த உறையும் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. மருந்துகள் உறையினுட் செல்வதில்லை.

மூன்றாவது, நீந்தும் நிலை. உறையிலிருந்து வெளிவந்த குஞ்சு மீனைத் தேடி நீந்தும். மீனைப் பற்றும் ஆற்றல் 6 முதல் 8 மணி நேரத்தின் பின் பெரிதும் குன்றும். மீன் கிடையாதாயின் இரண்டு நாட்களுள் இறந்துபடும். மருந்தினாற் கொல்லக்கூடியது இந்த நிலை ஒன்றே.

இந்நோயின் வஞ்சகம் இங்கேதான் உள்ளது. மீனின் உடலிற் புள்ளிகள் தோன்றிச் சில நாட்களில் மறையும். வளர்ப்போர் நோய் நீங்கிற்று என மகிழ்வர். உண்மையில் நோய் நீங்கவில்லை; மீனிலிருந்து தொட்டியின் அடிக்கு இறங்கியுள்ளது. ஒரு கணக்கைக் கொள்க. மீனில் 10 புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 200 குஞ்சுகளை ஈன்றால் 2,000 ஆகும். அவற்றுட் பத்தில் ஒன்று மட்டுமே மீனைப் பற்றினாலும் புள்ளிகள் 200 ஆகும். அதற்கடுத்த சுற்றிற் பிறக்கும் குஞ்சுகள் 40,000. கடலில் இக்குஞ்சுகள் பரந்த நீரிற் சிதறி, மிகப் பல மீனைக் காணாமலே மடியும். ஒடுங்கிய தொட்டியிலோ மீனுக்கு ஒதுங்க இடமில்லை. எனவே முதன்முறை பத்துப் புள்ளிகளோடு தப்பிய மீன், இரண்டாம் மூன்றாம் முறையில் இறக்கின்றது.

வட்டையிற் களையை மேலாகக் கொய்துவிட்டு, மண்ணிற் கிடக்கும் விதையை மறந்த கமக்காரன், அடுத்த போகத்தில் முன்னிலும் அடர்ந்த களையைக் காண்பான். புள்ளி மறைந்தவுடன் பரிகாரத்தை நிறுத்துவோரின் நிலையும் அதுவே.

அறிகுறிகள்

உடலிலும் செட்டைகளிலும் உப்புத்தூள் அல்லது ரவை தெளித்தாற்போன்ற வெண்புள்ளிகள் காணப்படும். மீன் தன் உடலைக் கல்லிலும் மணலிலும் உராய்ந்து கொள்ளும். இரையை மறுக்கும், மூச்சு விரைவாகும், காற்றுக் குமிழி எழும் இடத்திலேயே நிற்கும், கண் மங்கும். நோய் செவுளிலே மட்டும் இருப்பின் உடலில் ஒரு புள்ளியும் தோன்றாது. மீன் மூச்சுத் திணறி இறக்கும். ஆதலால் மூச்சின் விரைவை நாடோறும் கவனித்தல் வேண்டும்.

பொன்னிறத் தூள் படிந்தாற்போல மிக நுண்ணிய புள்ளிகள் நெருங்கித் தோன்றி, மீன் ஓரிரு நாட்களில் இறப்பின், அது வெல்வெற்று நோய் எனப்படும் வேறொரு நோயாகும். அது மேலும் கொடியது. செட்டையின் ஓரத்திற் பூக்கோவா போன்ற வெண்கட்டி ஒன்றிரண்டு மாதக்கணக்காக அசையாது நிற்பின், அதுவும் வெண்புள்ளி நோயன்று.

வாலடியிற் கத்தி போன்ற முள்ளுடைய மீன்களையும், அவற்றுள் வியாபாரிகள் 'பவுடர் புளூ' எனக் கூறும் நீல மீனையும் இந்நோய் எளிதிற் பற்றும். அவற்றை வாங்குவோர் இரட்டிப்பு விழிப்புடன் இருத்தல் நன்று.

பயனற்ற பரிகாரங்கள்

இரையில் உள்ளி கலத்தலும், சுத்தஞ் செய்யும் இறாலைத் தொட்டியில் விடுதலும் இந்நோயை ஒழிப்பதில்லை. மீனை நன்னீரில் தோய்த்தெடுத்தலும் போதாது. நோயுயிர் மேற்றோலின் அடியில் மறைந்திருத்தலால் நன்னீர் அதனைத் தீண்டாது. ஊதாக்கடந்த ஒளி விளக்கு நீந்தும் குஞ்சுகளிற் சிலவற்றைக் கொன்று நோயின் கடுமையைத் தணிக்குமேயன்றி, அடியிலுள்ள உறைகளை அழியாது.

எல்லாவற்றினும் பெருந்தவறு, பவளமும் இறாலும் உள்ள தொட்டியிற் செப்பு மருந்தை ஊற்றுதல். மீனுக்கு மருந்தாகும் அளவு, முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு நஞ்சாகும். மேலும் சுண்ணக் கல்லும் பவள மணலும் செம்பை உறிஞ்சிக் கொள்வதால், மருந்து மீனுக்கும் பயன்படாது. பின்னர் அத்தொட்டி இறால் வளர்த்தற்கும் ஏற்றதாகாது.

ஆகவே பரிகாரம் இரண்டு கூறாகச் செய்யப்படல் வேண்டும். மீன்கள் யாவற்றையும் வேறு பாத்திரத்திற்கு மாற்றி அங்கே குணப்படுத்தல் ஒன்று. மீனில்லாத தொட்டியைத் தரிசு விட்டு அங்குள்ள நோயைப் பட்டினியால் அழித்தல் மற்றொன்று. நோயுற்ற மீனை மட்டும் எடுத்து, நலமுள்ளதாகத் தோன்றுவதை விட்டுவைத்தல் கூடாது. நோயிலிருந்து தப்பிய மீனுக்குச் சில மாதங்கள் வரை நோயெதிர்ப்பு இருக்கும். புள்ளி தோன்றாமலே அது நோயைத் தாங்கி நிற்கும்.

மீனைக் குணப்படுத்தும் முறைகள்

மூன்று முறைகள் உண்டு. ஒரே வேளையில் ஒன்றை மட்டுமே கைக்கொள்ளல் வேண்டும்.

1. பாத்திரம் மாற்றும் முறை. செங்கடற் கரையிலுள்ள எயிலாத்தில் கொலோர்னி என்னும் ஆய்வாளர் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. மருந்து வேண்டியதில்லை, கடல்நீர் எளிதிற் கிடைக்கும் கல்முனைக் கரைக்கு மிகவும் பொருந்தும். இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், இரண்டு காற்றுக்கற்கள், இரண்டு வலைகள் போதும். மீனை முதற் தொட்டியில் விட்டு, மூன்று நாட்கள் நிறைந்ததும் புதுநீர் நிரப்பிய இரண்டாந் தொட்டிக்கு மாற்றுக. பழைய நீரை ஊற்றிவிட்டு, முதற் தொட்டியையும் அதிற் பயன்பட்ட வலை, காற்றுக்கல், குழாய் யாவற்றையும் கழுவி, வெயிலில் ஒரு நாள் முழுவதும் நன்கு உலர்த்துக. உறைகள் உலர்ந்தால் இறந்துபடும். இவ்வாறு 1 ஆம் நாள் தொடங்கி 4, 7, 10, 13 ஆம் நாட்களில் மாற்றுதல் வேண்டும். மீனை விட்டு நீங்கிய உயிர் உறையிட்டு வெடித்தற்கு முன்னரே மீன் அவ்விடத்தை விட்டுப் போய்விடுகின்றது. 13 ஆம் நாள் மாற்றத்தில் மீன் நோயற்றதாகும்.

நோயுயிர் பெரும்பாலும் இருளில் மீனை விட்டு இறங்குவதால், காலை வேளையில் மாற்றுதல் நன்று. பழைய நீர் ஒரு சிரங்கையேனும் புதிய தொட்டிக்குச் செல்லலாகாது. ஒரு நாள் பிந்தினாலும் பயன் கெடும். கச்சான் வீசும் மாதங்களில் உலர்த்துதல் எளிது. மாரிக் காலத்தில் வெயில் கிடையாதாயின் மூன்றாவது தொட்டி ஒன்றையும் வைத்துக் கொள்ளல் நலம். இத்தொட்டிகளிற் பழகிய வடிகட்டி இராமையால் மீனின் கழிவிலிருந்து அமோனியா பெருகும். ஆகவே இரையைக் குறைத்து, எஞ்சியதை உடனே அகற்றி, காற்றை நன்கு செலுத்துதல் வேண்டும்.

2. உப்பைக் குறைக்கும் முறை. கடல்நீரில் இலீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. மீனுள்ள பாத்திரத்தில் மட்டும், குளோரீன் நீங்கிய நன்னீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சில நாட்களில் இதனை 15 கிராமுக்குக் கொண்டுவந்து, 21 முதல் 30 நாட்கள் வரை அவ்வளவில் வைத்திருத்தல் வேண்டும். உப்புமானி இன்றி இதனைச் செய்யலாகாது. 18 கிராமுக்கு ஏறினாலும் பயன் குறையும். பின்னர் உப்பை உயர்த்துதல் இன்னும் மெதுவாக, ஒரு கிழமைக்குக் குறையாமல் நடைபெறல் வேண்டும். குறைந்த உப்பிலும் வாழவல்ல நோய் வகைகள் சில நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளமையால், இம்முறை எப்பொழுதும் பலிக்கும் எனக் கொள்ளல் இயலாது.

3. செப்பு முறை. போர்டோக் கலவையாற் கமக்காரர் அறிந்த மயில்துத்தமே இங்கும் மருந்து. ஆனாற் பயிருக்கு விற்கும் துத்தத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. இரசாயன சாலைக்குரிய தூய துத்தமே வேண்டும். 3.93 கிராம் துத்தத்தை ஓர் இலீற்றர் வடித்த நீரிற் கரைத்தால், அக்கரைசலின் ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் செம்பு இருக்கும். நீரில் நிற்க வேண்டிய அளவு இலீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. எனவே 100 இலீற்றர் நீருக்கு 15 முதல் 20 மில்லிலீற்றர் கரைசல் போதும். இதனை ஒரே முறையில் ஊற்றாது, இரண்டு மூன்று நாட்களிற் பகுதி பகுதியாகச் சேர்த்தல் வேண்டும். செம்பை அளக்கும் சோதனைப் பெட்டியால் நாளுக்கு இருமுறை அளந்து, குறைந்ததை நிரப்பி, 21 நாட்களுக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும். 0.15 இற்குக் குறைந்தால் நோயுயிர் சாகாது, 0.20 இற்கு மிகுந்தால் மீன் சாகும். பாத்திரத்தில் மணலும் கல்லும் இருத்தலாகாது. கடைகளிற் கிடைக்கும் கட்டுண்ட செம்பு மருந்துகளின் அளவு வேறு. அவற்றைச் சீட்டிற் கண்டபடியே பயன்படுத்தல் வேண்டும்.

செம்பிட்ட நீரையும், கழித்த கடல்நீரையும் கிணற்றருகே ஊற்றலாகாது. இக்கரையூர்களின் மணற்றரையில் ஊற்றிய நீர் விரைவிற் கிணற்றைச் சேரும். செம்பிட்ட நீரைக் களப்பிலோ கடலிலோ விடுதலும் தகாது. செம்பில் வைத்த மீன் உணவுக்கு ஆகாது.

தொட்டியைத் தரிசு விடுதல்

மீன்கள் வெளியே குணமடையும் வேளையில், தொட்டியில் இறால், நத்தை, அனிமோன், பவளம் யாவும் இருந்தபடியே இருக்கட்டும். நோயுயிர் அவற்றை உண்டு வாழ்வதில்லை. விளக்கும் நீரோட்டமும் வழக்கம் போல நடைபெறல் வேண்டும். இறாலுக்கும் வடிகட்டியிலுள்ள நன்மை தரும் பற்றீரியாவுக்குமாகச் சிறிதளவு இரை இடல் வேண்டும். மீன் மட்டும் ஒன்றேனும் இருக்கலாகாது. கல்லிடுக்கில் மறைந்த ஒரு சிறு மீன் முழுப் பரிகாரத்தையும் வீணாக்கும்.

உறைகள் 72 நாட்கள் வரை கிடக்கக்கூடுமாதலால், தரிசுக் காலம் 76 நாட்கள் எனக் கொள்ளப்படுகின்றது. கடைசி மீனை எடுத்த நாளிலிருந்து இதனை எண்ணல் வேண்டும். மே மாதம் 1 ஆம் திகதி மீன் எடுக்கப்பட்டதாயின், யூலை 16 ஆம் திகதிக்கு முன் மீன் விடப்படலாகாது. ஒரு மாதத்தின் பின் தொட்டி தெளிவாகவும் அழகாகவும் தோன்றும். மீனை விட மனம் தூண்டும். பரிகாரம் பெரும்பாலும் தவறுவது அந்த நாட்களிலேதான்.

இக்காலத்திற் குணமடைந்த மீன்களை வேறொரு சுத்தமான தொட்டியில் வைத்திருத்தல் வேண்டும். அத்தொட்டிக்கு வேண்டிய வடிகட்டியை நோயுற்ற தொட்டியிலிருந்து எடுத்தலாகாது. இரண்டு தொட்டிகளுக்கும் வலையும் குழாயும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். ஒன்றில் நனைந்த கையைக் கழுவி உலர்த்தாமல் மற்றதில் இடுதல் கூடாது. நோயைத் திரும்பக் கொண்டு வருதற்கு ஒரு துளி ஈரம் போதும்.

தடுப்பு

வெள்ளம் வருமுன் அணை கோலுதலே அறிவு. புதிதாக வரும் ஒவ்வொரு மீனையும், அது எவ்வளவு நலமாகத் தோன்றினும், நேரே தொட்டியில் விடாது, பாத்திரம் மாற்றும் முறையாற் சுத்திகரித்து, ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்தல் வேண்டும். நத்தை, கல், அனிமோன் என்பன நோய்க்கு உணவாகாவிடினும், உறைகளைச் சுமந்து வருதல் கூடும். அவற்றை 76 நாட்கள் மீனில்லாத பாத்திரத்தில் வைத்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

கடல்நீர் எடுத்தலிலும் கவனம் வேண்டும். மழை வெள்ளம் முகத்துவாரங்களினூடாக இறங்கும் நாட்களில் கரையோர நீரின் உப்பு குறைந்து, கலங்கலும் அழுக்கும் மிகும். அந்நாட்களில் நீர் எடுத்தலாகாது. அமைதியான நாளில், தெளிந்த நீரை எடுத்து, நெருக்கமாக நெய்த கைத்தறித் துணியை நான்காக மடித்து அதனால் வடித்தல் வேண்டும். உறைகள் துணியில் தங்கும். துணியைக் கடந்து செல்லும் நீந்தும் குஞ்சுகள், மூடிய பாத்திரத்தில் நீரை நான்கைந்து நாட்கள் வைத்திருப்பின் மீனைக் காணாது மடியும். வடித்த துணியை ஒவ்வொரு முறையும் வெயிலில் உலர்த்துக.

மீன் பிடித்தலிலும் வாங்குதலிலும் சட்டத்தை மீறலாகாது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்துகின்றது. கடலிலுள்ள உயிர்ப் பவளத்தை உடைத்தெடுத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. பவளப் பாரே மீன்குஞ்சுகளின் உறைவிடம். தொட்டியின் அழகுக்காகப் பாரைச் சிதைப்பவர், நாளைய மீனையும் சேர்த்தே அழிக்கின்றார்.

சுருக்கம்

1. புள்ளி மறைதல் குணமன்று. நோய் அடிக்கு இறங்கியதன் அடையாளம்.

2. மீன்கள் யாவற்றையும் எடுத்துத் தனியே பரிகரிக்க.

3. பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் எந்த மருந்தையும் ஊற்றற்க.

4. அத்தொட்டியை 76 நாட்கள் மீனின்றித் தரிசு விடுக.

5. புதிய மீனைச் சுத்திகரித்து, ஒரு மாதம் தனியே வைத்த பின்னரே சேர்க்க.

இவ்வைந்தையும் வழுவாது செய்வோர் தொட்டியில் இந்நோய் மீண்டும் தோன்றுதற்கு வழியில்லை. இப்பரிகாரத்திற்குச் செலவு மிகக் குறைவு, பொறுமையே பெருமுதல்.